எவர் நலனுக்காக இந்தப் பாடமாற்றம்?

க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே எஞ்சியிருக்கும். ஓராண்டுக்கு மேலாக இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் பயின்ற மாணவன் ஒருவன் அவை மூன்றையும் கைவிட்டு, தமிழ், இந்து நாகரிகம், அரசியல் விஞ்ஞானம் என்னும் வேறு மூன்று பாடங்களை ஏற்றுக்கொண்டு, கலைப் பிரிவு வகுப்பின் கடைசி வாங்கில் வந்து அமர்வான். ஆண்டுதோறும் நிகழ்வதால் இக்காட்சி எவருக்கும் வியப்பளிப்பதில்லை. பெற்றோர் ‘தப்பினோம்’ என்பர். நிர்வாகத்தினர் ‘சீர்செய்தோம்’ என்பர். அயலவரோ ‘பொடியனுக்குக் கணக்கு ஓடவில்லை, கலைக்கு விட்டுவிட்டார்கள்’ என்று ஒரே வசனத்தில் அவனது எதிர்காலத்துக்குத் தீர்ப்பெழுதி முடிப்பர். நாம் இதனை அநீதி என்கிறோம். பிள்ளையின் ஒப்பமும் பெற்றோரின் ஒப்பமும் கடிதத்தின் அடியில் இருப்பதால் மட்டும் அநீதி நியாயமாகிவிடாது.

நெல்லியடிச் சந்தியில் நின்று நோக்குவோர்க்குத் தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரங்கள் கண்ணிற் படாமற் போகா. மூன்று பாடங்களிலும் ‘ஏ’ பெற்றோரின் படங்கள் அவற்றிலே வரிசையாக இருக்கும். மருத்துவ பீடத்துக்குச் சென்றோர் இத்தனைபேர், பொறியியற் பீடத்துக்குச் சென்றோர் இத்தனைபேர் என்று கணக்கும் இருக்கும். அவர்களோடு ஒரே கொட்டகையில், ஒரே வாங்கில் இருந்து படித்து, நடுவழியில் பாடம் மாற்றப்பட்டோரின் கணக்கு எந்த விளம்பரத்திலும் இராது; பாடசாலைப் பரிசளிப்பு விழா அறிக்கையிலும் இராது. கணக்கில் வராதவர்களைப் பற்றிப் பேசுவது முற்போக்காளர் கடமை. ஆதலின் இதனை எழுதுகிறோம்.

முதலில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்று நோக்குவோம். மூன்று வழிகள் உள. முதலாவது வழி, பரீட்சையை ஒருமுறை எழுதித் தவறியபின் மாறுவது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகளே தோற்றலாம். முதல் தடவை கணிதப் பிரிவில் இழந்தவன், இரண்டாம் தடவையை எதிர்பார்த்துப் பெறுபேறு வந்த கையோடு கலைக்கோ வர்த்தகத்துக்கோ தாவுகிறான். பிறர் இரண்டு ஆண்டுகள் படிக்கும் பாடத்திட்டத்தை இவன் சில மாதங்களிற் படித்தாக வேண்டும். இரண்டாவது வழி, தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வந்தபின் மாறுவது. தந்தையையோ தாயையோ பாடசாலைக்கு அழைத்து, ‘இப்படியே விட்டால் மூன்றிலும் தவறுவான், இப்போதே மாற்றினால் மூன்றிலும் சித்தியடைவான்’ என்று கூறப்படுகிறது. மூன்றாவது வழி, எவரும் அழைக்காமல், எவரும் கூறாமல், கூட இருந்த தோழர் நால்வர் மாறிவிட்டனர் என்பதால் ஐந்தாமவனும் மாறுவது. பரீட்சை விண்ணப்பத்திற் பாடத்தின் பெயரை எழுதும் நாள் வரையிலும் தான் எதைப் படிக்கிறான் என்ற தெளிவு அவனுக்கு இல்லை.

இரண்டாவது வழியைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். ‘பிள்ளையின் நன்மைக்காக’ என்ற சொற்றொடர் அங்கே தவறாமல் ஒலிக்கும். ஆனால் பெறுபேறு வெளியாகும் நாளிற் பாடசாலைகளை ஒப்பிடுவதற்கு எடுக்கப்படும் அளவுகோல் யாது? கணிதப் பிரிவிலே தோற்றியோர் எத்தனை, சித்தியெய்தியோர் எத்தனை, நூற்றுக்கு எத்தனை வீதம் என்பதே. வீதத்தை உயர்த்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நன்றாகக் கற்பித்துச் சித்தியெய்துவோர் தொகையைக் கூட்டுவது. அதற்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் காலமும் பொறுமையும் வேண்டும். மற்றது, தவறக்கூடியவர்களைத் தோற்றாமற் செய்து வகுக்கும் எண்ணைக் குறைப்பது. அதற்கு ஒரு கடிதமும் ஓர் ஒப்பமும் போதும். எந்தப் பாடசாலையையும் நாம் ஈண்டுப் பெயர்சுட்டிக் குற்றஞ்சாட்டவில்லை. இந்த அளவுகோல் நிலைத்திருக்கும்வரை நல்ல அதிபரும் தீய கணக்குக்குத் துணைபோக நேரும் என்பதையே சுட்டுகிறோம்.

இனி, கடைசி நேரப் பாடமாற்றம் பலன் தரும் என்ற நம்பிக்கையை ஆராய்வோம். ‘கலைப்பாடம் இலகு, இலகுவான பாடத்தில் அதிக புள்ளி கிடைக்கும், அதிக புள்ளி கிடைத்தால் பல்கலைக்கழகம் கிடைக்கும்’ என்பது இந்த நம்பிக்கையின் சாரம். இது பிழையான கணக்கு. பல்கலைக்கழக அனுமதிக்கு இப்போது வெறும் புள்ளிகள் நோக்கப்படுவதில்லை. 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறையே கைக்கொள்ளப்படுகிறது. ஒரு பாடத்திற் பரீட்சார்த்தி பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் இடைப் புள்ளியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுக்கின்றனர். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு பெற்றவற்றின் சராசரியே அவனது இசட் புள்ளி. ஓர் எடுத்துக்காட்டாக, கடினமெனப்படும் ஒரு பாடத்தில் இடைப் புள்ளி 40, நியம விலகல் 15 என்று கொள்வோம். அதில் 70 பெற்றவனுக்கு இசட் புள்ளி 2. இலகுவெனப்படும் மற்றொரு பாடத்தில் இடைப் புள்ளி 60, நியம விலகல் 10 என்று கொள்வோம். அதிலும் 70 பெற்றவனுக்கு இசட் புள்ளி 1 மட்டுமே. எல்லோருக்கும் இலகுவான பாடம் எவருக்கும் ஏற்றந் தருவதில்லை. அப்பாடத்தை இரண்டு ஆண்டுகள் ஆற அமரப் படித்தவன் இடைக்கு மேலே நிற்பான். நேற்று வந்தவன் இடையை எட்டிப்பிடிக்கவே மூச்சிரைக்க ஓடுவான்.

எஸ் மூன்று பெற்றுச் சித்தியெய்தினான் என்ற செய்தி வீட்டுக்கு ஆறுதல் தரலாம். பல்கலைக்கழகத்தின் கதவைத் திறவாது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெற்றோர் 166,000க்கும் மேற்பட்டவர். அரச பல்கலைக்கழகங்களில் இருந்த இடங்களோ 45,000 அளவின. தகுதிபெற்ற நால்வருள் மூவர் வாயிலுக்கு வெளியே நிற்கவேண்டிய நிலையில், மூன்று பாடங்களிலும் அரைகுறையாக நின்றவனுக்கு எந்த வாயில் திறக்கும்? அரைக்கிணறு தாண்டியவன் வீழும் இடம் எதுவென்று கிணற்றடியில் வாழும் யாழ்ப்பாணத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தி மனங்கொள்ளத் தக்கது. பாடத்தையும் பாடத்திட்டத்தையும் நினைத்தபடி மாற்றிவிட்டுப் பிள்ளைகளை அதற்கேற்ப ஓடவிடும் வழக்கத்தை முதலிற் காட்டியது அரசே. 1972ஆம் ஆண்டில் அரசாங்கம் கல்விச் சீர்திருத்தம் ஒன்றைக் கொணர்ந்தது. க. பொ. த. சாதாரண தரத்தின் இடத்தில் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை வந்தது; 1975இல் அது முதன்முறையாக நடைபெற்றது. தொழில்முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அவற்றின் நோக்கத்தில் நல்லது இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை; கையால் உழைப்பதை இழிவென எண்ணும் கல்விக்கு அஃது ஒரு மாற்றாக இருந்திருக்கலாம். ஆயின் 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பழைய பரீட்சைகள் திரும்பி வந்தன. நடுவில் அகப்பட்ட வகுப்புகளின் பிள்ளைகளை எவரும் கேட்டதில்லை.

அண்மைய எடுத்துக்காட்டு இன்னும் கூரியது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலே புதிய பாடத்திட்டத்தின்படி முதன்முறை தோற்றியோரும், பழைய பாடத்திட்டத்தின்படி மீண்டும் தோற்றியோரும் இருந்தனர். வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இருசாராரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2012 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளி, இருசாராருக்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு கட்டளையிட்டது. வெவ்வேறு பாதையில் வந்தோரை ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று என்பதே அத்தீர்ப்பிலிருந்து நாம் பெறும் பாடம். பாடத்திட்டம் இரண்டாக இருந்தபோது நீதிமன்றம் தலையிட்டது. இரண்டு ஆண்டுகள் படித்தவனும் ஐந்து மாதங்கள் படித்தவனும் ஒரே வினாத்தாளுக்கு ஒரே மண்டபத்தில் அமரும்போது தலையிடுவார் எவர்?

‘அப்படியானால் பிள்ளைகள் முதலிலேயே ஏன் கணிதத்தையும் உயிரியலையும் தெரிந்தெடுக்கின்றனர்? தகுதியறியாமல் ஆசைப்பட்டது அவர்கள் குற்றமன்றோ?’ என்று சிலர் கேட்பர். ஆசை வானத்திலிருந்து வீழ்வதில்லை. அதற்கும் ஒரு பொருளாதார அடித்தளம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு ஆறில்லாத நிலம். சுண்ணக்கற் பாறைக்கு மேலுள்ள மெல்லிய மண்ணிற் கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் செய்து வாழ்ந்த மக்களுக்கு, நிலத்துக்கு வெளியே கிடைத்த ஒரே விளைச்சல் உத்தியோகம். மிஷன் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வி அந்த விளைச்சலைக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் ஏற்றுமதி செய்தது. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் எழுதுவினைஞர் உத்தியோகத்தின் கதவை ஒடுக்கியபோது, மொழியால் எளிதில் அடைக்கமுடியாத கதவுகள் எனச் சமூகம் கண்டவை மருத்துவமும் பொறியியலுமே. அந்தக் கதவிலும் 1971இல் பூட்டு விழுந்தது. அவ்வாண்டு அனுமதியின்போது பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழிமூலப் பரீட்சார்த்திக்குப் போதுமாயிருந்த குறைந்தபட்சப் புள்ளி 227. தமிழ்மொழிமூலப் பரீட்சார்த்திக்கு வேண்டியிருந்தது 250. தரப்படுத்தல் என்ற சொல் அன்று முதல் ஒவ்வொரு வீட்டிலும் புண்ணாகப் பதிந்தது.

பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு வன்னி, மன்னார் போன்ற பின்தங்கிய பகுதிகளின் பிள்ளைகளுக்கு வழி திறந்தது என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. எனினும் மறுக்கப்பட்ட பொருளின்மேலேயே மனம் மேலும் பற்றுக்கொள்வது இயல்பு. விஞ்ஞானப் பாடம் அறிவின் துறை என்ற நிலைமாறி, மானத்தின் துறையாயிற்று. போர்க்காலம் அந்தப் பற்றை இறுக்கியது. 1987இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் இராணுவ முகாமாக இருந்தது. அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள் நடந்த தாக்குதலில் அதன் கட்டடம் சிதைந்தது. 1990களில் மின்சாரமின்றி, போத்தலிற் செய்த சிக்கன விளக்கின் ஒளியில் படித்து மருத்துவரும் பொறியியலாளரும் ஆனோர் வடமராட்சியில் உளர். அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் அவர்களின் வெற்றியை எடுத்து, இன்றைய பிள்ளையின் முதுகில் அடிக்கும் பிரம்பாக்குவோரை நாம் வணங்கமாட்டோம்.

மேலும், தெரிவு என்று நாம் பேசுவது எவருடைய தெரிவு? சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருவதற்கு மாதங்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில் நாடு அப்பிள்ளைகளுக்குப் போதிய அளவில் எதுவும் செய்வதில்லை. துறைகள் எத்தனை, அவற்றின் இயல்பு யாது, எத்துறையில் என்ன படிக்கலாம், எங்கே வேலை கிடைக்கும் என்று எடுத்துரைக்கப் போதிய ஏற்பாடில்லை. அந்த வெற்றிடத்தில் தனியார் கல்வி நிலையம் நுழைகிறது. பெறுபேறு வருமுன்னரே இணைந்த கணித வகுப்பும் இரசாயனவியல் வகுப்பும் தொடங்கிவிடுகின்றன, பணமும் கட்டப்படுகிறது. பிள்ளைக்கு எத்துறை பொருந்தும் என்பது சாதாரண தரப் புள்ளிகளாலும் தெரியுமுன், ஆசிரியரின் கணிப்பாலும் தெரியுமுன், கட்டிய பணத்தால் தீர்மானமாகிவிடுகிறது. ஓராண்டுக்குப் பின் அதே பிள்ளை தடுமாறினால், ‘நீ தெரிந்தெடுத்தது’ என்று அதன் தலையிற் சுமத்துகிறோம். பதினாறு வயதுப் பிள்ளையை இருட்டறையில் நிறுத்திக் கதவைத் தேடச்சொல்லிவிட்டு, சுவரில் முட்டியதற்குத் தண்டிப்பது எவ்வகை நீதி?

இதன் வர்க்கப் பொருளையும் மறைக்க இயலாது. இங்கே பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என வகுக்கப்பட்டிருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நிற்பவை 1சி. உயர்தர வகுப்பே இல்லாதவை மற்றவை. ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லாத கூலித்தொழிலாளியின் மகளோ மீனவனின் மகனோ விஞ்ஞானம் படிக்க விரும்பினால், பேருந்தேறிப் பட்டினத்துப் பாடசாலைக்கு வரவேண்டும். அங்கே அவளுக்கு முன்னர் ஓராண்டு தனியார் வகுப்பிற் படித்தவர்கள் முன்வாங்கில் இருப்பர். முதல் தவணையிற் பின்தங்குவது அவளே. மாற்றும் கடிதம் முதலிற் போவதும் அவள் வீட்டுக்கே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தவறினால் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அதே பாடத்தை எழுதும். பணமும் காலமும் அதற்கு உண்டு. கடல் கடந்த உறவினர் அனுப்பும் பணத்தில் வேறொரு நாட்டுப் பட்டத்தையும் அது தேடிக்கொள்ளும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டாம் தடவை என்பதே வீட்டின் அடுப்போடு போராடும் கேள்வி. ஆகவே பாடமாற்றம் தகுதியின் அடிப்படையில் நடப்பதாகத் தோன்றினும், உள்ளே இருந்து இயக்குவது வசதியே.

இந்த மண்ணில் இது புதிய கதையுமன்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வாயிலே மறுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று வடமராட்சியில் இருந்தது. அந்த மறுப்புக்கு விடையாகவே சூரன் அவர்கள் தேவரையாளியிற் பாடசாலை அமைத்தார். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. வாயில் எல்லோருக்கும் திறந்தது என்று மகிழ்ந்தோம். வாயிலைத் திறந்துவிட்டு உள்ளே அறைகளைப் பூட்டிவைக்கும் தந்திரத்தை அந்த முன்னோடிகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எந்த அறையில் எவன் இருக்கலாம் என்பதை அன்று சாதி தீர்மானித்தது; இன்று ஆய்வுகூடமும் ஆசிரியர் பற்றாக்குறையும் தனியார் வகுப்புக் கட்டணமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

இனி, தமிழ் கற்பிப்போர் என்ற வகையில் எமக்குரிய முறைப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். கலைப்பாடங்களைத் தோற்றோரின் மடமாக்கியிருக்கிறது இந்த வழக்கம். தமிழை எவரும் எழுதலாம், வரலாற்றை எவரும் மனனஞ் செய்யலாம், அரசியலை எவரும் பேசலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இலக்கணத்தில் ஒரு விதியை விளங்கி அதனைப் புதிய சொல்லிற் பொருத்திப் பார்ப்பது கணிதத்தில் ஒரு தேற்றத்தைப் பொருத்துவதற்குக் குறைந்த உழைப்பன்று. இலக்கிய வரலாற்றில் ஒரு காலத்தின் நூல்களை அக்காலத்தின் சமுதாய அமைப்போடு தொடர்புபடுத்திக் காண்பதற்கு வாசிப்பு வேண்டும், விவாதம் வேண்டும், தவறி எழுதித் திருத்திப் பழகும் காலம் வேண்டும். ஐந்து மாதத்தில் வந்தவனுக்கு இவற்றில் எதையும் கொடுக்க இயலாது. அவனுக்குக் கொடுக்கக்கூடியது வினாவிடைத் தொகுப்பு ஒன்றே. பத்து ஆண்டு வினாத்தாள்களைப் பிரித்து, வரக்கூடிய வினாக்களைக் கணித்து, அச்சிட்ட விடையை மனனஞ் செய்து, மண்டபத்திற் கொட்டிவிட்டு வருவதற்குப் பெயர் கல்வி என்றால், கிளிக்கும் பட்டம் வழங்கலாம்.

கேடு அம்மாணவனோடு நிற்பதில்லை. கலையை விரும்பி முதல்நாள் முதல் வந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் பாதிப்பேர் நடுவழியில் வந்தால், ஆசிரியர் மீண்டும் முதற்பாடத்துக்குச் செல்ல வேண்டும், அல்லது வந்தவர்களைக் கைவிட வேண்டும். இரண்டிலும் ஒருசாரார் இழக்கின்றனர். விரும்பிப் படித்தவளுக்கும் ‘ஓடாதவர்களின் வகுப்பு’ என்ற பட்டம் ஒட்டிக்கொள்கிறது. இதன் தொடர்ச்சியைப் பட்டம் பெற்றபின்னும் காண்கிறோம். 2017ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடினர். ‘கலைப் பட்டம் படித்தால் இதுதான் கதி’ என்று எள்ளியோர் பலர். பட்டத்தைப் பழிப்பது எளிது. சமூகத்துக்கு என்ன அறிவு வேண்டும், எத்தனைபேர் வேண்டும் என்று திட்டமிடாத ஆட்சியைக் கேள்வி கேட்பது கடினம். எளிதானதைச் செய்தனர்.

அறிவைக் கலையென்றும் விஞ்ஞானமென்றும் இரண்டு வளவுகளாக வேலியடைத்த இந்த முறையே எம் மண்ணிற் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1951இல் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. இளம் வயதிலேயே ஒரு துறைக்குள் பிள்ளையை அடைக்கும் ஆங்கிலேயக் கல்வியின் குறுகல், விஞ்ஞானியும் எழுத்தாளனும் ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காத இரு கூட்டத்தாராகப் பிரிவதற்குத் துணைபோகிறது என்று சி. பி. ஸ்னோ 1959இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையிற் சாடினார். இலங்கையிலோ 2000ஆம் ஆண்டளவில் நான்கு பாடங்கள் மூன்றாகக் குறைந்தன. அடைப்பு இன்னும் இறுகியது. வேலி உயர உயர, அதனைத் தாண்டுவோன் கால் முறிவதும் கூடும்.

எம்மை நோக்கி ஒரு நியாயமான கேள்வி எழும். ‘தண்ணீரில் மூழ்குபவனைக் கரையேற்றுவது குற்றமா? கணிதம் பொருந்தாத பிள்ளையை அதிலேயே வைத்திருந்து மூன்று பாடத்திலும் தவறவிடுவதா உங்கள் முற்போக்கு?’ இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். பாடம் மாறுவதற்கு மாணவனுக்குள்ள உரிமையை நாம் மறுக்கவில்லை. கணிதத்தை விட்டு வரலாற்றுக்கு வந்து அதில் ஒளிர்ந்த மாணவரும் உளர். எமது வழக்கு காலத்தைப் பற்றியது, வற்புறுத்தலைப் பற்றியது. தரம் 12இன் தொடக்க மாதங்களில், பாடத்தை நேரிற் கண்டு, ஆசிரியரோடு உசாவி, தன் விருப்பத்தால் மாறுபவன் கரையேறுகிறான். பரீட்சைக்கு முன்னர் புள்ளிவீதத்துக்காக மாற்றப்படுபவனை ஒரு குளத்திலிருந்து தூக்கி மற்றொரு குளத்தில் எறிகிறார்கள். அவன் நீந்தக் கற்றுக்கொண்டதாகக் கணக்கெழுதுகிறார்கள்.

2013இல் பாடசாலைகளில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. 2015இல் அதன் முதற் பரீட்சை நடந்தது. கையும் மூளையும் சேர்ந்து இயங்கும் அத்துறைக்கு நாம் எதிரிகள் அல்லர். உழைப்பை மதிக்கும் எவரும் அதனை வரவேற்பர். ஆனால் அதனையும் கணிதம் தவறியோருக்கு இன்னோர் ஒதுங்கிடமாகக் கருதும் மனப்பாங்கு எம்மிடையே பரவி வருகிறது. பட்டறையும் கருவியும் பயிற்சிபெற்ற ஆசிரியரும் போதிய அளவில் இல்லாமற் பிரிவின் பெயரை மட்டும் நேரசூசியில் எழுதினால், 1972இன் தொழில்முன்னிலைப் பாடங்களுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும்.

ஆகவே நாம் கேட்பன தெளிவானவை. சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில், ஒவ்வொரு கல்வி வலயத்திலும், எல்லாத் துறைகளையும் பிள்ளைகள் நேரிற் கண்டறியும் வகுப்புகளை அரசே நடத்தட்டும். அவை இலவசமாக இருக்கட்டும். தரம் 12இன் முதல் தவணை முடியும்வரை எவரும் எத்துறைக்கும் தடையின்றி மாறும் உரிமை எழுத்தில் இருக்கட்டும். அதன்பின் எந்தப் பாடசாலையும் எந்தப் பிள்ளையையும் பாடம் மாறுமாறு கேட்கலாகாது. பிள்ளையே கேட்டால், இழந்த காலத்துக்கு ஈடாக மேலதிக வகுப்புகள் பாடசாலையிலேயே தரப்பட வேண்டும். பாடசாலையின் பெறுபேற்றை அறிவிக்கும்போது சித்தி வீதத்தோடு மற்றோர் எண்ணையும் அறிவிக்கட்டும்: தரம் 12இல் இத்துறையிற் சேர்ந்தோர் எத்தனைபேர், அவர்களுள் இதே துறையிற் பரீட்சை எழுதியோர் எத்தனைபேர் என்பதே அது. இந்த ஓர் எண் வெளிவந்தால், பல மேடைகளில் மாலைகள் கழன்று வீழும். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத ஊர்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை அனுப்பட்டும். ஆய்வுகூடத்தைத் திறந்துவைக்கும் விழாவோடு நில்லாது, அதனுள் இரசாயனப் பொருள்களையும் வைக்கட்டும்.

இவை நிறைவேறும்வரை ஆசிரிய நண்பர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மாற்றும் கடிதம் எம் மேசைக்கு வரும்போது, ‘இம்மாற்றத்தை முதலிற் கேட்டவர் எவர்?’ என்று உரத்துக் கேட்கலாம். பெற்றோர் கூட்டத்தில் இசட் புள்ளியின் கணக்கைப் பலகையில் எழுதி விளக்கலாம். அரை மணி நேரமும் ஒரு சுண்ணக்கட்டியும் அதற்குப் போதும். வந்து சேர்ந்த பிள்ளையை ‘ஓடாதவன்’ என்று ஆசிரியர் அறையில் எவரும் நகையாடும்போது, அந்த நகைப்பிற் சேராதிருப்பதோடு அதனைக் கண்டிக்கவும் செய்யலாம்.

மாணவத் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று கூறுவோம். எப்பாடம் உயர்ந்தது என்று ஊர் கூறுவதைக் கேட்டுப் பாடத்தைத் தெரிந்தெடுக்காதீர்கள்; எப்பாடம் இலகு என்று ஊர் கூறுவதைக் கேட்டுப் பாடத்தை மாற்றாதீர்கள். உங்கள் முன்னால் ஒரு தாளை வைத்து ஒப்பமிடச் சொன்னால், அதில் எழுதியிருப்பதை வாசியுங்கள். விளங்காவிடில் விளக்கங் கேளுங்கள். உடன்பாடில்லாவிடில் ஒப்பமிடாது எழுந்து நில்லுங்கள். தனியொருவனாக நிற்க அஞ்சினால் வகுப்பாக நில்லுங்கள். வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கும் நாளில் கடிதம் எழுதுவோரின் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்திலிருந்துதான் நியாயமான பேச்சுத் தொடங்க முடியும்.